எக்ஸ்எம்எல் தரவுத்தளத்துக்கு எழுதிய மாட்யூலைப் பிறருக்கு எப்படிக் கொடுப்பது: ஜார் கோப்பாகவா, பேக்கேஜாகவா?

எக்ஸிஸ்ட்-டிபி என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்துக்காக ஜாவாவில் சில ஃபங்ஷன்களும் அவற்றுக்குத் துணையாக எக்ஸ்க்வரியில் (எக்ஸ்எம்எல் தரவைத் தேடி எடுக்கும் மொழி) ஒரு மாட்யூலும் எழுதியிருப்பதாகவும், ஜார் கோப்போடு (கம்பைல் செய்த ஜாவா கிளாஸ்களின் தொகுப்பு) நிறுவும் முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. மாட்யூலின் கோப்புகளையும் அதன் விவரங்களையும் ஒன்றாகக் கட்டித் தரும் எக்ஸ்ஏஆர் பேக்கேஜாகவே கொடுங்கள். இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், அந்த ஒரு பக்கக் குறிப்பு என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்தவன் நான்.

நான் பராமரித்து வந்த மின்பதிப்புத் திட்டமொன்றில், டிஇஐ முறையில் (நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறியிடும் பொதுத் தரம்) குறியிடப்பட்ட நூல்கள் எக்ஸிஸ்ட்-டிபியில் இருந்தன. அவற்றில் வரும் தேதிகளை ஒழுங்குபடுத்தும் மாட்யூலை ஓர் ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருந்தார். குறிப்பில் இரண்டே வேலைகள்தாம்: ஜாரை 'லிப்' கோப்புறையின் உள்ளே 'யூசர்' என்பதில் வைப்பது, கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில், உள்ளமைந்த மாட்யூல்களின் பட்டியலில், நேம்ஸ்பேஸையும் (மாட்யூலை அடையாளம் காட்டும் பெயர்) கிளாஸ் பெயரையும் ஒரு வரியாகச் சேர்ப்பது. நான்காம் வெர்ஷன் வரை எந்தச் சிக்கலும் இல்லை. 2019இல் வெளிவந்த 5.0க்கு மாறியபோது கான்ஃப் கோப்பு 'ஈடிசி' கோப்புறைக்குள் போய்விட்டது. புதிய கோப்பில் கையால் சேர்த்த வரி எங்கிருந்து வரும்? ஜாரைக் கோப்புறையில் போட்டால் மட்டும் போதாது, ஸ்டார்ட்அப் கோப்பிலும் அதைப் பட்டியலிட வேண்டும் என்றாயிற்று. தேடல் பக்கத்தைத் திறந்தால் 'எக்ஸ்க்யூஎஸ்டி0059' என்ற பிழை, அதாவது மாட்யூலே கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஜார் ஓடவில்லை. அது பழைய வெர்ஷனின் உள் கிளாஸ்களை நம்பிக் கம்பைல் செய்யப்பட்டது. மூலநிரலைக் கேட்டபோது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. எழுதுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பராமரிப்புக்கு ஒரு காசும் ஒதுக்குவதில்லை என்ற என் பழைய ஆற்றாமையை இங்கே கிளறினால் பதில் நீண்டுவிடும்; விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ஏஆர் என்பது ஒரு ஜிப் கோப்புதான். எக்ஸ்பாத் பேக்கேஜிங் விவரக்குறிப்பின்படி அதன் வேரில் 'எக்ஸ்பாத்-பிகேஜி' என்ற விவரக் கோப்பு இருக்கும். பேக்கேஜின் பெயர் (இது ஒரு யூஆர்ஐ, அதாவது வலை முகவரி போன்ற அடையாளம்), வெர்ஷன், சார்புகள் (அது ஓடத் தேவையான பிற மென்பொருள்களும் அவற்றின் வெர்ஷன்களும்), எந்த நேம்ஸ்பேஸுக்கு எந்தக் கோப்பு என்பன அதில் அடங்கும். எக்ஸிஸ்ட்-டிபிக்கே உரிய 'ரெப்போ' கோப்பில் இது நூலகமா, செயலியா என்று குறிக்கலாம். ஜாவா இருப்பதால் உங்களுக்கு 'எக்ஸிஸ்ட்' என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் கோப்பும் தேவை. ஜாரின் பெயரும், நேம்ஸ்பேஸுக்கு உரிய கிளாஸும் அதில்தான் வரும். நிறுவியபின் பயனர் நேம்ஸ்பேஸை மட்டும் சொல்லி இம்போர்ட் செய்தால் போதும். கோப்பின் பாதை வேண்டாம், கான்ஃப் கோப்பைத் தொடவும் வேண்டாம்.

நான் வற்புறுத்துவது சார்பு அறிவிப்பைத்தான். எக்ஸிஸ்ட்-டிபியின் எந்த வெர்ஷன் முதல் எது வரை ஓடும் என்பதைக் கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டோடும் எழுதுங்கள். மேல் வரம்பு வைத்தால் அடுத்த வெர்ஷனில் நிறுவ முடியாமல் போகுமே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எக்ஸ்க்வரி மட்டுமே உள்ள மாட்யூலுக்கு அவர்கள் சொல்வது சரி; அதற்குக் கீழ் வரம்பு போதும். உள் கிளாஸ்களைத் தொடும் ஜாவாவுக்கு அது பொருந்தாது. நிறுவும்போதே மறுக்கப்படுவது, நிறுவியபின் பயனர் முன்னால் உடைவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

டாக்கர் (மென்பொருளை அதன் சூழலோடு கட்டி ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்களிடமிருந்து 'எல்லாம் டாக்கரில் இருக்கையில் பேக்கேஜ் எதற்கு?' என்ற கேள்வியும் வரும். டாக்கரிலும் எக்ஸ்ஏஆர் கோப்பை ஆட்டோடிப்ளாய் கோப்புறையில் வைப்பதுதான் சுலபமான வழி. சர்வர் எழும்போது தானே நிறுவிக்கொள்ளும். ஆனால் ஒன்று: அதே வெர்ஷன் ஏற்கெனவே இருந்தால் தவிர்த்துவிட்டுப் போய்விடும். எனவே ஒற்றை எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் வெர்ஷன் எண்ணை உயர்த்தியே வெளியிடுங்கள்.

பேஸ்எக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தின் பயனர்களுக்கும் கொடுக்க நினைத்தால், எக்ஸ்க்வரிப் பகுதியைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிடுங்கள். பேஸ்எக்ஸும் எக்ஸ்ஏஆரை ஏற்கும். 'ரெப்போ இன்ஸ்டால்' கட்டளை அதற்குத்தான். எக்ஸிஸ்ட்-டிபிக்காக எழுதிய ஜாவா கிளாஸ்கள் மட்டும் அங்கே ஓடா; அந்தப் பகுதியைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.