தங்கச்சிக்கு வீடா, உனக்குச் சேமிப்பா?

தம்பி, இங்கிலாந்தில், லெஸ்டரில் மாஸ்டர்ஸ் முடித்து 28,000 பவுண் சம்பளத்தில் கணக்குப் பிரிவு வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். களுவாஞ்சிக்குடியில் தங்கச்சிக்கு வீடு கட்டவேணும், பென்சனுக்குப் பிடிக்கும் காசை நிறுத்திவிட்டு அதையும் ஊருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய்.

நிறுத்தாதே. உன் சம்பளச் சிட்டையை எடுத்துப் பார். பென்சனுக்குச் சட்டப்படி பிடிக்கும் ஆகக் குறைந்த அளவென்றால் மாதம் உன் கைக்கு வருவதில் ஏறக்குறைய 73 பவுண் குறையும். அந்த 73உடன் வரிச்சலுகையும் கம்பனி போடும் 3 வீதமும் சேர்ந்து உன் பெயரில் 145 பவுண் விழும். 73 கொடுத்தால் 145 தருகிற சீட்டு ஊரில் எங்கே இருக்கிறது? இந்த நாட்டை விட்டுப் போனாலும் அது உன் காசுதான். 2028இலிருந்து 57 வயதில்தான் எடுக்கலாம் என்பது மட்டும்தான் கட்டுப்பாடு.

நான் ஆரையம்பதி. எனக்கு இரண்டு தங்கச்சிமார். நம்ம மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். அண்ணன்காரன் வெளிநாட்டில் இருந்தால் அத்திவாரம் அவன் தலையில். அதை நான் குறை சொல்லமாட்டேன், செய்ததில் எனக்குப் பெருமைதான். செய்த விதம்தான் பிழை. 2015இல் பென்சனில் சேர்த்தார்கள், கையெழுத்துப் போட்டு விலகினேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சேர்ப்பார்கள், 2018இலும் விலகினேன். சீட்டைக் கழிவுக்கு எடுத்து ஒரே மூச்சில் வீட்டைத் தொடங்கினேன். அந்தக் கடனைக் கட்ட இரவில் பெற்றோல் செட்டில் நின்றேன். காலை ஆறு மணிக்கு வந்து படுக்கிறவன் ஏசிசிஏ என்ற கணக்காளர் பரீட்சைக்கான புத்தகத்தை எப்போது திறப்பது?

காசு நடுவில் நின்றது, வீடும் நின்றது. இரண்டு மாரி கழித்து நான் போனபோது சுவர் லிண்டல் மட்டத்தில், கம்பி துருவேறி, சாமியறை என்று பிரித்த இடத்தில் என் இடுப்புயரத்துக்கு எருக்கலை. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். மூன்று மாத வாடகையும் சாப்பாடும் முதலில் கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு தொகையைச் சொல். 400 என்றால் 400, ஒவ்வொரு மாதமும் தவறாமல். கலியாண வீடு, கோயில் திருவிழா என்று கூட்டிக் குறைக்காதே. வீட்டைக் கட்டம் கட்டமாகக் கட்டு. ஒரு கட்டத்துக்கு முழுக் காசும் சேராமல் மேசனைக் கூப்பிடாதே. மாரி தொடங்கமுன் கூரை ஏறுகிற மாதிரி தை, மாசியில் தொடங்கு. சேர்க்கும் காசைப் பவுணிலேயே வைத்திரு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியபோது, முன்கூட்டியே ரூபாவாக்கி வைத்திருந்த என் காசு சீமெந்துக்கே போதாமல் போனது.

படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் உன் கிராஜுவேட் விசா இரண்டு வருடம். அதில் எத்தனை மணியும் வேலை செய்யலாம் என்பதால் இரவு வேலை ஆசை காட்டும். போகாதே தம்பி. அந்த நேரம் ஏசிசிஏக்கு. பட்டத்துக்கு எத்தனை பாடம் கழியும் என்று பார், பரீட்சைக் காசைக் கம்பனி தருமா என்று கேள். வெளிநாட்டு ஆளை வேலை விசாவில் வைத்திருக்கக் கம்பனிக்கு வேண்டிய ஸ்பொன்சர் லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் இந்த மாதமே கேட்டுவிடு. இல்லையென்றால் வேறு இடம் தேட உனக்குக் காலம் இருக்கும். கடைசி ஆறு மாதத்தில் கேட்டவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அடுத்த சிட்டை வந்ததும் பென்சன் பிடித்த இடத்தைப் பார். உன் பங்கு மட்டும் இருந்து கம்பனியின் பங்கை எங்கும் காணவில்லை என்றால் அன்றைக்கே சம்பளம் போடும் பேரோல் பிரிவில் கேள்.