மத்தியானம் கண்ணசரலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். காலை 4.30 மணிக்கு எழுந்தால் இரவு படுக்க 11 மணி ஆகிவிடும். மத்தியானம் சாப்பிட்டதும் தார்சாவில் பாயை விரித்தால் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். எழுந்தால் தலை கனக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பகலில் தூங்கினால் சர்க்கரை ஏறும் என்கிறாள் மகள். தூங்கலாமா, கூடாதா?

பதில்: தாராளமாகத் தூங்கலாம், அண்ணாச்சி. ஆனால் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டும்.

மத்தியானத் தூக்கத்துக்குச் சொதிச் சோற்றைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். சோறு கொஞ்சம் கூட்டிவிடும், அவ்வளவுதான். உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே 1 மணியிலிருந்து 3 மணிக்குள் ஒருமுறை இறங்கும். பட்டினி கிடப்பவருக்கும் அந்த நேரத்தில் கண் சொக்கும்.

தலை ஏன் கனக்கிறது? முதல் இருபது நிமிடம் தூக்கம் மேலோட்டமாக இருக்கும். அதைத் தாண்டினால் ஆழத்துக்குப் போய்விடும். ஆழத்தில் இருக்கும்போது எழுந்தால் மூளை விழிக்க நேரமாகும். கல்லாவில் சில்லறை எண்ணினால்கூடத் தப்பும். நீண்ட தூர விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்த ஆய்வை நாசா 1994-ல் வெளியிட்டது. சராசரியாக அவர்கள் தூங்கியது 26 நிமிடம். அதற்கே, தூங்காதவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். என் தாத்தா தலைக்கு மரப்பலகை வைத்துப் படுப்பார். பலகை உறுத்த ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார். நீங்கள் செல்போனில் 25 நிமிடம் அலாரம் வைத்தால் போதும்.

மகள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்குபவர்களிடம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் தூக்கம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் தூக்கத்தைக் கொண்டுவந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். 11 மணியிலிருந்து 4.30 வரை ஐந்தரை மணி நேரம். உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அந்தக் கடனைத்தான் உடம்பு மத்தியானம் வசூலிக்கிறது. ராத்திரி கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பாருங்கள். பகல் தூக்கம் தானாகக் குறையும்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை என்றால் ஒரு எச்சரிக்கை: கடையில் கூட்டம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு சாய்ந்துவிடாதீர்கள். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி விழிப்பு வந்தால் முதலில் ஏதாவது இனிப்பு, அப்புறம் டாக்டர்.

சாப்பிட்ட கையோடு படுப்பதும் வேண்டாம். நெஞ்சு கரிக்கும். தெருவில் பத்து நிமிடம் மெல்ல நடந்துவிட்டு வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் கொஞ்சம் அடங்கும். பிறகு சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். பாயில் நீட்டிப் படுத்தால் அரை மணி நேரத்தில் யார்தான் எழுந்திருப்பார்கள்! 3 மணிக்கு மேல் படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதுதான் முக்கியம். நீங்கள் குறட்டை விடுவீர்களா? உங்களைக் கேட்டால் இல்லை என்பீர்கள். மதினியிடம் கேளுங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாததுபோல் இருந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வருகிறதா? காலையில் வாய் வறண்டு கிடக்கிறதா? அப்படியென்றால் அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும் உடம்பு தூங்கியிருக்காது. சர்க்கரையோடு அது சேர்ந்தால் இதயத்துக்கு நல்லதல்ல. காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பார்த்தால் ஒரு ராத்திரிப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் இருக்கிறது. மதினி ‘ஆமா’ என்று சொன்னால், அலாரம் வைப்பதெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.