வீட்டில் செய்யும் சிஎன்சிக்கு எந்த ஸ்டெப்பர் மோட்டார், எந்த டிரைவர்?

மரம் செதுக்கும் சிறிய சிஎன்சிக்கு (கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம்) 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள நெமா 23 ஸ்டெப்பர் மோட்டாரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) 24 வோல்ட் பவர் சப்ளையும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெமா 23 என்பது மோட்டாரின் முகப்புத் தகடு ஏறத்தாழ 2.3 அங்குலம் என்பதை மட்டுமே சொல்கிறது. 3 நியூட்டன் மீட்டர் என்பதோ மோட்டார் அசையாமல் நிற்கும்போது தாங்கும் முறுக்குவிசை. வேகம் கூடக்கூட, கம்பிச்சுருளின் மின்தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு) காரணமாக ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் முழு அளவை எட்ட நேரம் போதாமல், அந்த விசை சரிந்துகொண்டே போகும். புரியிடைத் தூரம் 5 மி.மீ. உள்ள திருகில் நிமிடத்துக்கு 1500 மி.மீ. நகர, மோட்டார் 300 சுற்றுகள் சுழல வேண்டும். சப்ளையின் வோல்ட் கூடினால் மின்னோட்டம் விரைவாக ஏறும்; எவ்வளவு கூட்டலாம் என்பது மின்தூண்டலைப் பொறுத்தது. ஆகவே தரவுத்தாளில் மின்தூண்டல் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மில்லிஹென்றியில் உள்ள அதன் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் கிடைப்பதே வோல்ட்டின் மேல்வரம்பு என்பது பரவலான கைக்கணக்கு, 1.4 மில்லிஹென்றிக்கு ஏறத்தாழ 38 வருகிறது. அத்தகைய மோட்டாருக்கு 36 வோல்ட் சப்ளையும், 50 வோல்ட் வரை ஏற்கும் டிஎம்542 வகை டிரைவரும் (மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் சாதனம்) பொருந்தும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றாதீர்கள்; என் முதல் டிரைவரை நான் எரித்தது அப்படித்தான்.