ஆப்டிகல் ஸ்விட்ச் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஃபைபர் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று அறுந்தால் மற்றதற்குத் தானாக மாற ஆப்டிகல் ஸ்விட்ச் வாங்கப் பார்க்கிறோம். ஒரு கம்பெனி தங்கள் மெக்கானிக்கல் ஸ்விட்ச் 1 கோடி முறை மாறும் என்கிறது. இன்னொரு கம்பெனியின் மெம்ஸ் ஸ்விட்ச் (சிப்பில் செதுக்கிய நுண் கண்ணாடி அசையும் வகை) 100 கோடி முறை மாறுமாம், விலையும் எகிறுகிறது. கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். நாளுக்கு 10 முறை மாற்றினால்கூட 1 கோடியைத் தொட 2,700 ஆண்டுக்கு மேல் ஆகும். உங்கள் ஃபைபர் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அறுந்தாலே அதிகம். டெஸ்ட் பெஞ்சில் நொடிக்கு ஒரு முறை ஸ்விட்சை மாற்றிக்கொண்டே இருப்பவர் கதை வேறு. அவருக்கு 1 கோடி என்பது 116 நாளில் தீர்ந்துவிடும். 100 கோடிக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

உங்கள் கவலை நேர் எதிரானது. உங்கள் ஸ்விட்ச் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஒருநாள் நடுராத்திரியில் சொன்ன மாத்திரத்தில் அசைய வேண்டும். மெக்கானிக்கல் வகையில் ஒரு குட்டி ரிலே (மின்சாரத்தில் இருபுறமும் புரளும் பாகம்), பிரிசத்தையோ கண்ணாடியையோ ஒளியின் பாதைக்குள் தள்ளும், வெளியே இழுக்கும். நெடுந்தூரத்துக்குப் போடும் சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். உள்ளே ஒட்டியிருக்கும் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகி ஏதாவது ஒரு துண்டு துளி நகர்ந்தாலே ஒளி வழி தவறிவிடும். மெம்ஸுக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு: ஒன்றையொன்று தொடும் நுண்பாகங்கள் ஒட்டிக்கொள்வது, மின்னேற்றம் சேர்ந்து கண்ணாடியின் கோணம் மெல்ல விலகுவது. காற்றும் ஈரமும் புகாதபடி அடைத்த உறை இல்லையென்றால் இவை சீக்கிரமே வரும்.

ஒருமுறை நானே பட்டிருக்கிறேன். இரண்டரை ஆண்டு யாரும் தொடாமல் கிடந்த ஸ்விட்ச் அது. மாறச் சொன்னோம். 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்டது. திரையில் 'பாதை 2' என்று பச்சையாக வந்தது. பவர் மீட்டரில் மட்டும் மைனஸ் 38 டிபிஎம், அதாவது ஒளி ஏறக்குறைய இல்லவே இல்லை! பிரித்துப் பார்த்தால், ரிலே ஒழுங்காகத்தான் புரண்டிருந்தது. அதன் மேல் இருந்த பிரிசம்தான் பசை விட்டுக் கோணிக்கொண்டு நின்றது. ஸ்விட்சின் நிலையைக் காட்டும் மின்முனை நமக்குச் சொல்வது ரிலே எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. ஒளி போய்ச் சேர்ந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதனால், எத்தனை முறை மாறும் என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு மூன்றைக் கேளுங்கள். வெளியேறும் ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து அளக்கும் ஃபோட்டோடையோடு உள்ளேயே இருக்கிறதா? மாதம் ஒருமுறை, வேலை குறைந்த நேரத்தில், தானாக மாறித் திரும்பும்படி அமைக்க முடியுமா? (சில மில்லி நொடி தடங்கல் வரும், அதற்குப் பயந்து சோதிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.) சும்மா கிடக்கும் இரண்டாவது ஃபைபரிலும் ஒரு கண்காணிப்பு ஒளி ஓடுமா? இல்லையென்றால் அது எப்போதோ அறுந்திருக்கும். முதலாவது அறுகிற அன்றைக்குத்தான் உங்களுக்கே தெரியவரும்.

இன்னொன்று. அனுப்பும் பக்கத்தில் ஸ்விட்சே வேண்டாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. அங்கே ஒளியை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு பாதையிலும் ஒளியை அனுப்பிவிடுங்கள். பெறும் பக்கம் மட்டும் ஸ்விட்ச் போதும். ஒளி பாதியாகும், அதாவது 3 டெசிபெலுக்குச் சற்று மேல் போய்விடும். உங்கள் தூரத்துக்கு அந்த இழப்பு கட்டுப்படியானால் நான் இதைத்தான் சொல்வேன். அசையும் பாகம் பாதியாகக் குறைகிறது, இரண்டாவது பாதை உயிரோடு இருக்கிறதா என்பதும் எப்போதும் தெரிகிறது, இரு முனைகளும் பேசிவைத்துக்கொண்டு மாற வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: லேட்சிங், நான்-லேட்சிங் என்று இரண்டு சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: கரண்ட் போனால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. லேட்சிங் இருந்த இடத்திலேயே நிற்கும். நான்-லேட்சிங் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பாதைகளுக்கு நடுவே மாறுவதற்கு லேட்சிங் வாங்குங்கள். இல்லாவிட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாம் பாதையை விட்டு, கரண்ட் போன நொடியில் அறுந்த பாதைக்கே திரும்பிப் போய் நிற்கும்! நடுவில் இருக்கும் ஒரு கருவி செத்தால் அதைச் சுற்றிப் போகும் பைபாஸ் வேலைக்கு மட்டும் நான்-லேட்சிங்தான் சரி. ஆர்டரில் இந்தச் சொல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி: நானோ நொடியில் மாறும் ஸ்விட்ச் ஒன்றை விற்பனையாளர் வற்புறுத்துகிறார்.

பதில்: பாதைப் பாதுகாப்புக்கு வேண்டாம். தொலைத்தொடர்பில் காலங்காலமாக வைத்திருக்கும் கெடு 50 மில்லி நொடி. மெக்கானிக்கல் ஸ்விட்சே பொதுவாக 10 மில்லி நொடிக்குள் மாறிவிடும். அறுந்துவிட்டது என்று கண்டுபிடித்து முடிவெடுக்கும் நேரத்தையும் கேட்டு இதோடு கூட்டுங்கள், அவ்வளவுதான். லித்தியம் நயோபேட் என்ற படிகத்தில் செய்வது போன்ற அதிவேக வகைகளில் ஒளி இழப்பு அதிகம், நிலையில் நிற்க மின்னழுத்தம் தொடர்ந்து வேண்டும். தேவையில்லாத வேகத்துக்காக இதையெல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

கேள்வி: டேட்டாஷீட்டில் இழப்பு 0.6 டெசிபெல் என்று போட்டிருந்தது. மாட்டிப் பார்த்தால் 1.8 வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அப்படி முடிவு கட்டும் முன் அந்தத் தாளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கனெக்டர் நீங்கலாக', 'அறை வெப்பத்தில்', 'வழக்கமான மதிப்பு' என்ற மூன்றில் ஒன்றாவது இருக்கும். வழக்கமான மதிப்பு என்பது யாரும் உத்தரவாதம் தராத எண். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது அதிகபட்ச மதிப்பை, அதுவும் கனெக்டர் சேர்த்து, முழு வெப்ப எல்லைக்கும், நீங்கள் பயன்படுத்தும் எல்லா அலைநீளத்துக்கும்.

அப்புறம் கனெக்டர் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. பச்சையை நீலத்தில் செருகினால் நடுவே இடைவெளி விழுந்து இழப்பு கூடும், முனையும் கெடும். எனக்கு வரும் இந்த மாதிரிப் புகார்களில் பாதி, முனையைத் துடைத்து மறுபடி செருகியதும் தீர்ந்துபோகிறது.

துடைத்த பிறகும் குறையவில்லையா? 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்கள் இரண்டிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதையும் கழற்றாமல் ஸ்விட்சை 20 முறை மாற்றித் திரும்பி, ஒவ்வொரு தடவையும் அளவை எழுதுங்கள். இழப்பு கூடுதலாகவே இருந்தாலும் எண் அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் கனெக்டர் பிரச்சினை. ஒருமுறை 1.2, அடுத்த முறை 1.8 என்று ஆடினால் உள்ளே ஏதோ சரியாக உட்காரவில்லை. அந்தப் பட்டியலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல ஸ்விட்சில் இந்த ஆட்டம் 0.1 டெசிபெலைத் தாண்டாது.

கேள்வி: எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 10 லட்சம் மணி நேரம், அதாவது 114 ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். டெல்கார்டியா தரமும் (தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான சோதனை விதிகள்) உண்டாம். நம்பலாமா?

பதில்: 114 ஆண்டு உழைக்கும் என்பது அதன் பொருளே அல்ல. அதே ஸ்விட்ச் 1,000 ஓடினால் வருடத்துக்கு 8 அல்லது 9 பழுதாகும் என்று அர்த்தம். உங்களிடம் இருக்கும் இரண்டில் ஒன்று அந்த ஒன்பதில் வராது என்று யார் சொன்னது? உதிரி ஒன்று வாங்கி வையுங்கள்.

டெல்கார்டியா விஷயத்தில் வார்த்தையைக் கவனியுங்கள். 'ஜிஆர்-1221-க்கு (அந்த விதிகளில் ஒன்று) ஏற்ப வடிவமைக்கப்பட்டது' என்றால் யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை. சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள், எத்தனை மாதிரிகள், எத்தனை தோற்றன என்று அதில் இருக்க வேண்டும். 11 மாதிரிகள், ஒன்றும் தோற்கவில்லை என்பது வழக்கமான கணக்கு. இரண்டே மாதிரியை வைத்துத் தேறியது என்று காட்டினால் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஆய்வகத்தில் விளையாட வாங்குங்கள், மேலே சொன்ன 20 முறைச் சோதனையைச் செய்துவிட்டு. பாதைப் பாதுகாப்புக்கு வேண்டாம். முந்தையவர் அதை எத்தனை வருடம் எந்த வெப்பத்தில் வைத்திருந்தார் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது.