இசை, ஒலி வடிவமைப்பு: இரண்டையும் ஒரே ஆள் செய்யலாமா?

கேள்வி: பல வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கம்ப்யூட்டரில் டிராக் போடவும் பழகியிருக்கிறேன். நண்பர் ஒருவர் 18 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறார். பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு இரண்டையும் என்னையே செய்யச் சொல்கிறார். ஆறு வாரம் நேரம் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டையும் செய்வது சரியா? இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் வசனம், காலடி, சூழல் ஓசை ஆகிய ஒலி வேலையை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் இசைக்கு வாருங்கள். கீபோர்டு வாசிப்பவருக்குக் கை தானாக அங்கேதான் போகும். படம் வந்த அன்றே ஒரு மெட்டு போட்டுவிடுவீர்கள், இயக்குநரும் கேட்டுவிட்டு ஆகா என்பார். பிறகு மற்ற எல்லா ஒலியும் அந்த மெட்டுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டியதுதான். வசனத்தில் இரைச்சலா, மேலே இசையைப் போட்டு மூடு. காலடி ஓசை ஒட்டவில்லையா, இசையைக் கொஞ்சம் ஏற்று. கடைசியில் 18 நிமிடமும் இசை ஓடிக்கொண்டே இருக்கும், ஓர் இடத்தில்கூட உறைக்காது.

வேலையைத் தொடங்கும் முன் எடிட்டரிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேட்டுவிடுங்கள். எடிட் முழுவதும் முடிந்துவிட்டதா, அதாவது பிக்சர் லாக் ஆகிவிட்டதா? ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம்? 24 ஃபிரேமில் எடுத்த படத்தை யாரோ 25-இல் ஓடவிட்டு உங்களுக்குக் கொடுத்தால், 18 நிமிடப் படம் 43 நொடி குறைந்துபோகும். அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். 24-க்கும் 23.976-க்கும் உள்ள குழப்பம்தான் மோசம். முதல் காட்சி சரியாக இருக்கும், போகப்போக நழுவி, முடிவில் உதடும் வசனமும் ஏறக்குறைய ஒரு நொடி தள்ளி நிற்கும். ஒலியின் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், பிட் டெப்த் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வேலையில் பழகிய 44.1 இங்கே வேண்டாம்.

இனி வசனம். எடிட்டரிடம் வீடியோவோடு நின்றுவிடாமல், ஒலித்தடங்களைத் தனித்தனியாக ஏஏஎஃப் (AAF) கோப்பில், அதாவது எடிட்டை அப்படியே உங்கள் ஒலி மென்பொருளில் திறக்க உதவும் கோப்பில், கேட்டு வாங்குங்கள். ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பின்னாலிருக்கும் இரைச்சலும் மாறும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தும். படப்பிடிப்பு நடந்த அறையில் யாரும் பேசாமல் பதிந்த ரூம் டோன் இருந்தால், அதை அடியில் ஓடவிட்டு வெட்டுகளை மறைக்கலாம். இல்லையென்றால் வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் அரை நொடி அமைதிகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டவைத்துத்தான் செய்ய வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் இந்தத் துறையில் சோறு போடுவது இதுதான். மெட்டுப் போடத் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வசனத்தைச் சுத்தமாக எடிட் செய்து தருபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காலடி, துணி, பாத்திரம் போன்ற, படத்தைப் பார்த்துப் பிறகு தனியாகப் பதியும் ஃபோலி ஒலிகளுக்குப் பயப்பட வேண்டாம். ஹாலிவுட் எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் சொன்ன ஒரு கணக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஒருவர் நடந்தால் காலடி பிசகக் கூடாது, இருவர் நடந்தாலும் அப்படியே. மூன்று பேராகிவிட்டால் நம் காது ஒவ்வொரு காலையும் தனியாகப் பின்தொடராது. பொருத்தமான ஒரு கூட்டக் காலடியைப் போட்டால் போதும்.

இப்போது இசைக்கு வருவோம். ஒலியை ஏன் முதலில் முடிக்கச் சொன்னேன் என்பது இங்கேதான் புரியும். சமையலறையில் நள்ளிரவில் இருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஃபிரிட்ஜின் ரீங்காரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் அந்த ரீங்காரம் பெரும்பாலும் 50, 100 ஹெர்ட்ஸில் உட்காரும். கீபோர்டில் ஜி சுரத்துக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை மேலே. 60 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருந்தால் பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் தொங்கும். நீங்கள் ஜி-யை அடியாக வைத்து மெல்ல நுழைந்தால், இசை எப்போது தொடங்கியது என்றே யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜ்தான் பாட ஆரம்பித்ததுபோல் இருக்கும். அதே இடத்தில் ரீங்காரத்தோடு உரசும் ஏ-ஃபிளாட்டை நீட்டிப் பிடியுங்கள், இருவருக்கும் இடையிலுள்ள கசப்பு வசனமே இல்லாமல் வெளியே வரும். பிறகு ஃபிரிட்ஜ் டக்கென்று நிற்கட்டும். அந்த அமைதியை எந்த வயலினாலும் வாங்க முடியாது. இசையமைப்பாளர் வேறு, ஒலி வடிவமைப்பாளர் வேறு என்றால், இதற்கு இரண்டு பேரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். நேர நெருக்கடியில் பல படங்களில் அது நடப்பதில்லை. உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

இசைக்கும் ஒலிக்கும் நடுவிலுள்ள இந்த எல்லைக்கோடு அழிவது புதிதும் அல்ல. 1956-இல் வெளியான ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்துக்கு லூயிஸ் பாரன், பீபி பாரன் தம்பதி மின்சுற்றுகளிலிருந்தே ஒலிகளை உருவாக்கினார்கள். அதில் எது இசை, எது விண்கலத்தின் ஓசை என்று பிரிப்பது கடினம். பெயர்ப்பட்டியலிலும் இசை என்று போடவில்லை, மின்னணுத் தொனிகள் என்ற பொருளில்தான் போட்டார்கள்.

இயக்குநரோடு உட்கார்ந்து படம் முழுக்கப் பார்த்து, எங்கே இசை வரும், எங்கே வராது என்று ஒவ்வோர் இடத்தையும் நேரக்குறியோடு எழுதி வையுங்கள். வராத இடங்களின் பட்டியல்தான் முக்கியம். எடிட்டில் தற்காலிகமாக வேறொரு படத்தின் இசையைப் போட்டு வைத்திருப்பார்கள். “இதே மாதிரி வேண்டும்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அதில் பிடித்தது வேகமா, வாத்தியமா, அது நுழையும் இடமா என்று கேளுங்கள். பெரும்பாலும் நுழையும் இடமாகத்தான் இருக்கும். வசனத்துக்கு அடியில் இசை ஓடும் இடங்களில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் காலியாக விடப் பாருங்கள். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது அங்கேதான். இசையின் ஒலியளவைக் குறைப்பதைவிட, வாத்தியத்தை மாற்றுவது நல்ல வைத்தியம்.

ஒப்படைக்கும்போது வசனம், இசை, மற்ற ஒலிகள் என மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்புகளாகக் கொடுங்கள். எல்லாம் படத்தின் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். பாட்டுக்குச் செய்வதுபோல், உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் போட்டு நசுக்க வேண்டாம். ஒலியளவுக்கு ஐரோப்பிய ஒளிபரப்பில் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்பது அளவு, நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை வைத்து மைனஸ் 27 கேட்கிறது. படம் எங்கே போகப்போகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போனில் மட்டும் மிக்ஸ் செய்துவிட்டு அனுப்பாதீர்கள். நல்ல ஸ்பீக்கரிலும் போனிலும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

நேரம்? ஆறு வாரத்தில் மூன்றரை வாரம் ஒலிக்கு, ஒன்றரை வாரம் இசைக்கு, மிச்சம் மிக்ஸிங்குக்கு என்று பிரிப்பேன். இசைக்குக் குறைவாகத் தெரியும். எழுத வேண்டியது ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும், அதற்கு மேல் போனால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்.

தொழிலாக்கிக்கொள்ளலாமா என்றால், முடியும். ஆனால் இரண்டும் வேறுவேறு வகையில் பணம் தருபவை. ஒலி வடிவமைப்புக்குப் பொதுவாக வேலைக்கான கூலி, அதோடு கணக்கு முடிந்தது. இசைக்கு உரிமை உண்டு. படம் ஒளிபரப்பாகும்போது இசையமைப்பாளருக்கு ராயல்டி வரலாம். அதற்கு நீங்கள் ராயல்டி வசூலிக்கும் அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்த இசை எத்தனை நொடி வந்தது என்ற கியூ ஷீட்டும் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் இரண்டு வேலைக்கும் ஒரே தொகை என்று பேசாமல், தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாதிரி வீடியோவும் இரண்டாக வையுங்கள். ஒலிக்கு ஆள் தேடுபவர் உங்கள் மெட்டைக் கேட்க நேரம் ஒதுக்க மாட்டார்.

நண்பர் படம்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பணம் தரவில்லை என்றால் இசையின் உரிமை உங்களிடமே இருக்கும், படத்தில் பயன்படுத்த மட்டும் அனுமதி என்று எழுதுங்கள். பெயர் எப்படி வரும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதும் இருக்கட்டும். பிக்சர் லாக்குக்குப் பிறகு எடிட் மாறினால் அந்த வேலைக்குத் தனிக் கணக்கு என்ற வரியை மட்டும் மறக்காமல் சேருங்கள், ஏனென்றால் எடிட் கட்டாயம் மாறும்.