காய்ச்சல் போயாச்சு, இருமல் மட்டும் போகல: ஆஸ்துமாக்காரங்க கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்ல, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், அதாவது மூச்சு சம்பந்தமான சிகிச்சை கொடுக்கற வேலை, எனக்கும் ஆறு வயசுல இருந்து ஆஸ்துமா. அதனால சொல்றதுல பாதி படிச்சது, பாதி பட்டது. மருந்தோட அளவை கூட்டறது குறைக்கறது மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. ஆரம்பிக்கலாம்.

கேள்வி: காய்ச்சல் மூணே நாள்ல விட்டுருச்சு, இருமல் அஞ்சாவது வாரமா ஓடுது. ராத்திரி ரெண்டு மணி ஆனா எழுப்பி உக்கார வச்சிடுது. வீட்ல எல்லாருக்கும்தான் வந்துச்சு, அவங்க நல்லாயிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன்?

பதில்: வைரஸ் எப்பவோ போயிருக்கும்ங்க, அது கிளப்பி விட்ட வீக்கம்தான் போகல. ஆஸ்துமா இல்லாதவங்களுக்கே சளி பிடிச்சா இருமல் சராசரியா 18 நாள் இருக்கும், சிலருக்கு 8 வாரம் வரைக்கும் இழுக்கும். நமக்கு மூச்சுக்குழாயோட உள்பக்கம் ஏற்கனவே புண்ணு மாதிரிதான் இருக்கு, அதுமேல வைரஸ் வந்து ஒரு அடி போட்டா ஆற நாளாகத்தான் செய்யும். ஆனா ராத்திரி எழுப்புதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது. அது வெறும் சளி இருமல் இல்ல, ஆஸ்துமா கன்ட்ரோல் தவறிடுச்சுங்கறதுக்கு அடையாளம். வீக்கம் வராம இருக்க தினமும் எடுக்கற பிரிவென்டர் இன்ஹேலர் எடுக்கறீங்களா?

கேள்வி: (அதே ஆள்தான்) இல்லங்க, நல்லாத்தானே இருக்கோம்னு ஆறு மாசம் முன்னாடியே விட்டுட்டேன். நீல இன்ஹேலர் மட்டும் வச்சிருக்கேன், அதுவும் இப்ப ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ஆகுது.

பதில்: அப்ப விஷயமே அங்கதான் இருக்கு. சால்பியூட்டமால், அதாவது அந்த நீலம், இறுகிப்போன தசையை தளர்த்தி விடும், அஞ்சு நிமிஷத்துல சுகமா இருக்கும், நாலு ஆறு மணி நேரத்துல வேலை முடிஞ்சு போயிடும். வீக்கத்தை அது தொடவே தொடாது. அதைக் குறைக்கறது பிரிவென்டர்ல இருக்கற புடசோனைட் மாதிரி ஸ்டீராய்டுதான், அதுவும் இன்னைக்கு அடிச்சா நாளைக்கு தெரியாது, ஒரு வாரம் ரெண்டு வாரம் விடாம எடுத்தாதான் தெரியும். நிறைய பேர் மூணு நாள் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் ஆகலன்னு தூக்கிப் போட்டுடறாங்க. உலக அளவுல ஆஸ்துமாவுக்கு வழிகாட்டுற கினா அமைப்பு 2019லயே சொல்லிடுச்சு, பெரியவங்களும் டீன் ஏஜ் பசங்களும் நீலத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாதுன்னு. ஒரு நாளைக்கு அஞ்சு தடவைங்கறது ரொம்ப அதிகம், சிரப் மாத்தி சிரப் வாங்கறத விட்டுட்டு இந்த ரெண்டு நாளுக்குள்ள டாக்டரைப் பாத்துடுங்க.

கேள்வி: சளி பச்சையா வருது, ஆன்டிபயாடிக் போடலாமா? போன தடவை மிச்சம் வச்சது இருக்கு.

பதில்: வேண்டாம். பச்சை கலர் உங்க வெள்ளை அணுக்கள்ல இருந்து வர்றது, வைரஸா இருந்தாலும் வரும், அதை வச்சு பாக்டீரியான்னு முடிவு பண்ண முடியாது. மிச்சம் வச்ச மாத்திரையை இதுக்குன்னு இல்ல, எதுக்குமே போடாதீங்க. விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல ஒரு பக்கம் குத்தினாலோ நிமோனியா இருக்கலாம், உடனே காட்டணும். இருமல் ரெண்டு வாரம் தாண்டி கூடவே எடை குறையுது, சாயங்காலம் காய்ச்சல், சளியில ரத்தம்னா டிபி டெஸ்ட்டும் எக்ஸ்ரேவும் எடுத்தே ஆகணும், ஆஸ்துமாதான்னு நாமளே முடிவு பண்ணி தள்ளிப் போடக் கூடாது.

கேள்வி: ஸ்டீராய்டுன்னாலே பயமா இருக்கு. இன்ஹேலர் பழகிடுமா? இப்ப டாக்டர் மாத்திரை வேற எழுதிட்டார்.

பதில்: பழகாது. ஒரு கணக்கு சொல்றேன். புடசோனைட் ஒரு பஃப்ல பொதுவா 200 மைக்ரோகிராம் வரும். ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம்னா 40,000 மைக்ரோகிராம். ரெண்டும் வேற வேற மருந்து, நேரா ஒப்பிட முடியாதுதான், ஆனா எது சின்னது எது பெரிசுன்னு புரியுது இல்ல? இன்ஹேலருக்கு பயந்து விட்டவங்கதான் கடைசியில மாத்திரையில வந்து நிக்கறாங்க. (நானும் காலேஜ் படிக்கறப்ப அப்படித்தான்.) எழுதிக் கொடுத்தது 5-7 நாள் கோர்ஸா இருந்தா பயப்படாதீங்க, முழுசா முடிங்க, காலையில சாப்பிட்டதும் போடுங்க, ராத்திரி போட்டா தூக்கம் கெடும். சுகர் இருக்கறவங்களுக்கு சுகர் ஏறும், டாக்டர்கிட்ட சொல்லி வைங்க. இன்ஹேல்டு ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிச்சு துப்பிடுங்க, இல்லன்னா வாய்ல வெள்ளையா படியும், குரல் கம்மும்.

கேள்வி: எல்லாம் ஒழுங்காத்தான் எடுக்கறேன் ஆனா கேக்க மாட்டேங்குது ப்ரோ.

பதில்: நான் நேர்ல பாக்கறவங்கள்ல நிறைய பேர் இதைத்தான் சொல்லுவாங்க, என் முன்னாடி ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கம்பேன். அமுக்கினதும் வாய் ஓரத்துல புகை மாதிரி வெளிய வரும். வெளிய வந்தது நெஞ்சுக்குப் போகல, அவ்ளோதான். ஸ்ப்ரே டைப்னா நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கறப்ப அமுக்கி, இழுத்துகிட்டே போய் பத்து எண்ணற வரைக்கும் அடக்குங்க, அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது விடுங்க. ஸ்பேசர், அதாவது இன்ஹேலர் முனையில மாட்டற குழாய் மாதிரி டப்பா, வச்சுகிட்டா இன்னும் நல்லது, பெரியவங்களுக்கும்தான், அதுல வெக்கம் எதுக்கு. பவுடர் டைப்புக்கு நேர் எதிர், குலுக்கக் கூடாது, வேகமா ஆழமா ஒரே இழுப்பு. ரெண்டையும் மாத்தி மாத்தி செஞ்சா ரெண்டுமே வேஸ்ட்.

இன்னொண்ணு, கேன்ல மருந்து இருக்கா? ஒரு தடவை நான் மூணு நாள் காலி கேனை அடிச்சுகிட்டு இருந்தேன், குலுக்கினா சத்தம் வருது, அமுக்கினா புஸ்ஸுனு வருது, ஆனா வந்தது வெறும் கேஸ். கவுன்ட்டர் இருந்தா பாருங்க, இல்லன்னா எத்தனை டோஸ்னு லேபிள்ல இருக்கும், தொடங்கின தேதியை மார்க்கர்ல எழுதி கணக்கு வச்சுக்கங்க. தண்ணில மிதக்க விட்டுப் பாக்கறதெல்லாம் நம்பக் கூடாது.

கேள்வி: பையனுக்கு 4 வயசு. மாஸ்க் வச்சாலே அழறான். அழறப்ப ஆழமா மூச்சு எடுப்பான், மருந்து நல்லா போகும்னு சொல்றாங்களே?

பதில்: தப்பு, அழறப்ப மருந்து நுரையீரலுக்கு ரொம்ப கம்மியாத்தான் போகும். மருந்து இல்லாம ஸ்பேசரை சும்மா கையில கொடுங்க, பொம்மைக்கு போடட்டும், உங்களுக்கு போடட்டும். பழகினதும் மாஸ்க் முகத்துல இடைவெளி இல்லாம ஒட்டி இருக்க, அவன் பாட்டுக்கு அஞ்சாறு மூச்சு விட்டா போதும். ஸ்பேசரை சோப்புத் தண்ணியில கழுவி தானா காய விடுங்க, துணியால துடைச்சா மருந்து சுவர்லயே ஒட்டிக்கும்.

கேள்வி: ஆக்சிமீட்டர்ல 97 காட்டுது, ஆனா மூச்சு வாங்குது. பயப்பட வேண்டாம்தானே?

பதில்: அந்த நம்பரை நம்பி உக்காராதீங்க. ஆஸ்துமா அட்டாக்ல ஆக்சிஜன் கடைசியாத்தான் இறங்கும். ஒரு வாக்கியத்தை நடுவுல மூச்சு வாங்காம சொல்ல முடியுதா, நீலம் நாலு மணி நேரம் தாங்குதா, இதைப் பாருங்க. முடியலன்னா நேரா உக்காந்து, நீலத்துல 30-60 செகண்டுக்கு ஒரு பஃப், அதிகபட்சம் 10 பஃப் வரை. முன்னேற்றம் இல்லன்னாலோ உதடு நீலமானாலோ ஆம்புலன்ஸ். வீசிங் சத்தம் திடீர்னு நின்னு ஆள் சோர்ந்துட்டா குணமாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, காத்தே போகாததால சத்தம் நின்னிருக்கலாம்.

எவ்ளோ வேகமா மூச்சை ஊத முடியுதுன்னு காட்டற பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வீட்ல வாங்கி வைங்க, மூணு தடவை ஊதி அதுல அதிகமானதை எழுதுங்க. நல்லா இருக்கறப்ப வந்த உங்க பெஸ்ட் நம்பர்ல 80 சதவீதத்துக்கு கீழ வந்தா உஷார், 50க்கு கீழன்னா அவசரம்.

கேள்வி: பிபி மாத்திரை எடுக்கறேன், அதுக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: ராமிப்ரில், எனாலாப்ரில் மாதிரி "ப்ரில்"னு முடியறதா இருந்தா வறட்டு இருமல் வரலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டா மாத்திக் கொடுப்பாங்க. ப்ரோப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர்னா ஆஸ்துமா இருக்குன்னு கண்டிப்பா சொல்லணும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் சில ஆஸ்துமாக்காரங்களுக்கு ஒத்துக்காது, முன்னாடி போட்டு மூச்சு திணறி இருந்தா தொடாதீங்க.

கேள்வி: ஆவி பிடிக்கலாமா?

பதில்: மூக்கு கொஞ்சம் திறக்கும், ஆஸ்துமா குறையாது. சூடான ஆவியே சிலருக்கு இருமலைக் கிளப்பும், கொதி தண்ணி கொட்டி வெந்து போனவங்களும் உண்டு. எனக்கு இஷ்டமில்ல.

கேள்வி: மீட்டிங்ல வாயைத் திறந்தா இருமல். திரும்ப ஓட எப்ப ஆரம்பிக்கலாம்?

பதில்: இருமல் இருமலைக் கூட்டும். தொண்டை அரிச்சா ஒரு மடக்கு தண்ணி, வாயை மூடி மூக்கு வழியா சின்னச் சின்ன மூச்சு, அரை நிமிஷம் தாக்குப் பிடிங்க. சளி இருக்குன்னா கண்ணாடியில ஆவி படிய வைக்கற மாதிரி வாயத் திறந்து "ஹா"ன்னு தள்ளுங்க, தொண்டை கிழிய இரும வேண்டாம். ஓட்டம் இப்ப வேண்டாம், ராத்திரி இருமாம ஒரு வாரம் தூங்கினதுக்கு அப்புறம் பத்து நிமிஷ நடையில ஆரம்பிங்க, நீலம் பாக்கெட்ல இருக்கட்டும்.