ப்ளூ-ரே, எச்டி டிவிடி: எந்த டிஸ்க் எதில் ஓடும்?

கே: பழைய பொருள்கள் கடையில் எச்டி டிவிடி படங்கள் மலிவாகக் கிடைத்தன என்று ஐந்தாறு வாங்கிவிட்டேன். வீட்டு ப்ளூ-ரே பிளேயரில் ஒன்றுகூட ஓடவில்லை. டிஸ்கில் பழுதா?

ப: டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஓடாது. இரண்டுக்கும் லேசர் ஒன்றுதான், 405 நானோமீட்டர் நீல ஊதா. ஆனால் பதிவு இருக்கும் ஆழம் வேறு. ப்ளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. உள்ளே, எச்டி டிவிடியில், சாதா டிவிடி போலவே, 0.6 மி.மீ. உள்ளே. ஒன்றுக்கென்று செய்த லென்ஸ் மற்றதில் சரியாகக் குவியாது. இரண்டையும் வாசிக்கும் பிளேயரை எல்ஜி 2007இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விலை 1,200 டாலருக்குப் பக்கம். இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம். ஒன்று செய்யுங்கள்: டிஸ்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சில எச்டி டிவிடிகளின் மறுபக்கத்தில் அதே படம் சாதா டிவிடியாக இருக்கும். அந்தச் சாதா டிவிடிக்கு மண்டலப் பூட்டு (ஒரு நாட்டுப் பகுதிக்கென விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி தடுப்பது) இருக்கலாம், அது வேறு தலைவலி.

கே: ப்ளூ-ரேயோடு நடந்த போட்டியில் எச்டி டிவிடி தோற்றது படம் மட்டமாக இருந்ததாலா?

ப: இல்லவே இல்லை. இரண்டிலும் 1080பி படம், சுருக்கும் முறைகளும் அவையே. எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டே கிடையாது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்த தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர். இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர்! ஓர் அடுக்கில் 15 ஜிபிக்கு எதிராக 25 ஜிபி என்பது ப்ளூ-ரேயின் பலம்தான், ஆனால் ஆட்டத்தை முடித்தது அது என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் வந்த பிளேஸ்டேஷன் 3இல் ப்ளூ-ரே உள்ளேயே இருந்தது. கேம் ஆட வாங்கியவர் வீட்டுக்கெல்லாம் பிளேயர் தானாகப் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் 360க்கோ எச்டி டிவிடி டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்புறம் 2008 ஜனவரியில், அதுவரை இரண்டிலும் படம் வெளியிட்டுவந்த ஹாலிவுட் பட நிறுவனமான வார்னர், இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்றது. ஏழு வாரத்துக்குள், பிப்ரவரி 19 அன்று, தோஷிபா கடையைக் கட்டியது.

கே: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ப்ளூ-ரே இங்கே ஓடவில்லையே?

ப: அட்டையின் பின்பக்கம் பாருங்கள். 'ஏ' என்று மட்டும் போட்டிருந்தால் காரணம் அதுதான். சிங்கப்பூர் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி'. லண்டனிலிருந்து வந்தால் 'பி'. மூன்றும் போட்டிருந்தால் எங்கும் ஓடும்.

கே: பிளேஸ்டேஷன் 4 புரோவில் 4கே ப்ளூ-ரே டிஸ்க் ஓடுமா?

ப: ஓடாது. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். அதன் டிரைவ் சாதா ப்ளூ-ரேயோடு சரி. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வேண்டும். 4கே டிஸ்குக்கு மண்டலத் தொல்லை இல்லை; அண்ணனை அடுத்த முறை அதை வாங்கிவரச் சொல்லலாம்.